பில்ஸ்டைன் பி12 ப்ரோ-கிட்: காரைத் தாழ்த்த ஸ்பிரிங் மட்டும் போதாது

காரைத் தாழ்த்த நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஸ்பிரிங்கைத்தான். கம்பெனி ஷாக்கை (ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பர்) அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் பாதிச் செலவோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு உதைக்கும் இடத்தில்தான் இந்த கிட் நிற்கிறது. ஐபாக் நிறுவனத்தின் ப்ரோ-கிட் ஸ்பிரிங்கும் பில்ஸ்டைன் பி8 ஷாக்கும் ஒரே தொகுப்பாக வருகின்றன. மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு என்றாலும், சுமார் 30 மி.மீ. இறங்கும்.

சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது இடிக்கும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பைத் தொட 50 மி.மீ. இடம் இருந்த காரை 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 20 மி.மீ.தான். அந்தக் குறைந்த இடத்துக்குள் காரைத் தாங்க வேண்டியிருப்பதால் ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங்கைவிட இறுக்கமாக இருந்தாக வேண்டும். இறுக்கமான ஸ்பிரிங் அமுங்கித் திரும்பும் வேகத்தைப் பழைய ஷாக்கால் அடக்க முடியாது. மேடு கடந்த பிறகும் கார் இரண்டு மூன்று முறை குதிக்கும். ஜாக்கியில் தூக்கினாலோ இன்னொரு தொல்லை: ஷாக் முழு நீளத்துக்கு இறங்கிவிடும், குட்டையான ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை (இருக்கை) விட்டு லொடலொடவென்று தொங்கும். பி8-ஐ இதற்காகவே குட்டையாகச் செய்திருக்கிறார்கள். இதன் அண்ணன் பி6, கம்பெனி உயரத்துக்கானது. தாழ்த்தும் ஸ்பிரிங்கோடு பி6 வாங்கி ஏமாறுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பி8 ஷாக் மோனோடியூப், அதாவது ஒற்றைக் குழாய் வகை. எண்ணெயையும் உயர் அழுத்த வாயுவையும் நடுவில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைப்பதால், சூடேறினாலும் எண்ணெய் நுரைக்காது. 1957-இல் மெர்சிடிஸ் கார்களில் பில்ஸ்டைன் கொண்டுவந்த அதே அடிப்படைதான். நெடுஞ்சாலையில் வேகமாக லேன் மாறும்போது காரின் உடல் ஒரே அசைவில் நின்றுவிடுகிறது. இந்த கிட்டின் பெரிய பலம் அதுதான். அதற்குக் கொடுக்கும் விலை? மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் முதுகுக்குத் தெரியும். கடினத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு எதுவும் கிடையாது. அது வேண்டுமானால் கோனி நிறுவனத்தின் மஞ்சள் ஷாக் பக்கம் போகலாம். சில மாடல்களில் அதையும் கழற்றித்தான் திருப்ப வேண்டும் என்பதை மறக்காமல்.

ஸ்பிரிங் எண்ணை மாடல் பெயரை மட்டும் வைத்து ஆர்டர் செய்யாதீர்கள். டீசல், ஆட்டோமேட்டிக் வண்டிகளில் முன் ஆக்ஸில் எடை கூடுதல். ஆக்ஸில் எடையைப் பார்த்துத்தான் ஸ்பிரிங் எண் மாறும். டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையைக் காரோடு பிணைக்கும் தாங்கி), பேரிங், டஸ்ட் கவர் எல்லாம் பெரும்பாலும் கிட்டில் இருக்காது. பழைய டாப் மவுண்டைத் திரும்பப் போடுவது, பிரித்த வேலையையே மறுபடி பிரிக்க வழி.

மாட்டும் முன் நான்கு சக்கரத்திலும் மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கர மையம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றும். ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) இறக்குமுன் ஏபிஎஸ் ஒயரையும் பிரேக் ஹோஸையும் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவியால் ஸ்பிரிங்கை அமுக்கி, அது இருக்கையில் தளர்ந்த பிறகே மேல் நட்டைத் தொட வேண்டும். இதில் அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. புது ஷாக்கின் நட்டை இம்பாக்ட் கன்னால் முறுக்காதீர்கள். ராட் சேர்ந்து சுழன்றால் உள்ளே சேதமாகும். ராடை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு டார்க் ரெஞ்சால் முடியுங்கள்.

பல மாடல்களில் முன் ஸ்ட்ரட் தலைகீழ் அமைப்பு. ஷாக்கின் தடித்த உடம்பே குழாய்க்குள் ஓடும், பம்ப் ஸ்டாப்பும் குழாய்க்குள்ளேயே இருக்கும். அது தெரியாமல் பழைய பம்ப் ஸ்டாப்பையும் மேலே செருகிவிட்டால், இருக்கிற கொஞ்சநஞ்ச இடமும் போய்விடும். கிட்டோடு வரும் தாளில் எதை விட வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பலரும் படிப்பதில்லை.

சக்கரத்தைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம், பின் ஆர்ம் போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, காரின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிய நிலையில் பிடித்துக்கொள்ளும். உயரம் சரியாக இறங்காது, புஷ்ஷும் சீக்கிரமே கிழியும். "ஸ்பிரிங் இறங்கவே இல்லை" என்று வரும் புகார்களில் ஸ்பிரிங்கைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

அலைன்மென்ட் கட்டாயம். தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டுகளை இறுக்கும்போது டயரின் மேல்பக்கத்தை வெளியே இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் மீட்கலாம். ஆனால் டயரைத் தின்பது பெரும்பாலும் இந்தச் சாய்வு (கேம்பர்) அல்ல, கூடவே மாறும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். சில நூறு கி.மீ. ஓடியபின் இன்னும் சில மி.மீ. இறங்கும், அதன்பின் மறுபடி அளந்து அலைன்மென்ட்டைச் சரிபாருங்கள். ஹெட்லைட் கோணத்தையும் அப்போதே.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்று கேட்டால் ஸ்பிரிங் முனை இருக்கையின் தடுப்பில் உட்காரவில்லை, அல்லது டாப் மவுண்ட் பேரிங் போய்விட்டது. சின்ன மேட்டில் தட்டினால் முதலில் ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க்கைப் பாருங்கள்.

இன்னும் தாழ வேண்டும் என்பவர்களுக்கு ஐபாக்கின் ஸ்போர்ட்லைன் ஸ்பிரிங்கோடு வரும் பி12 உண்டு. பரிந்துரைக்க மனமில்லை. மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (மேலே ஸ்ட்ரட், கீழே லோயர் ஆர்ம்) காரில் லோயர் ஆர்மின் சக்கரப் பக்கம் கிடைமட்டம் தாண்டி மேல்நோக்கிச் சாயத் தொடங்கினால் ரோல் சென்டர் (வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி), காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். தாழ்ந்த கார் வளைவில் கூடுதலாகச் சாய நினைக்கும். அதை அடக்க இன்னும் இறுக்கமான ஸ்பிரிங் தேடுவீர்கள்.