பிரேக்கரா, ஃபியூஸா? வீட்டில் கட்டும் விமானத்தின் வயரிங்

வீட்டிலேயே கட்டும் சிறு விமானமான ஆர்வி-7-ஐ எடுத்தவர்களுக்கு இறக்கை, வால், உடல் என்று எல்லாவற்றுக்கும் அதன் பாகங்களை விற்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் வரைபடம் தந்துவிடுகிறது. எந்த ஓட்டையில் எந்த ரிவெட் என்பது வரை அதில் இருக்கும். வயரிங்குக்கு வந்ததும் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. பேனலில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். அதனால் கரண்ட் எப்படிப் போகவேண்டும் என்பதும் உங்கள் இஷ்டம். அமெரிக்காவில் வீட்டில் கட்டும் விமானம் எக்ஸ்பெரிமென்டல் வகையில் பதிவாகிறது. செஸ்னா போன்ற தொழிற்சாலை விமானங்களுக்கான வடிவமைப்பு விதிகள் அதைக் கட்டுப்படுத்தாது. கார் உதிரிபாகக் கடையில் வாங்கிய ஃபியூஸைக்கூட வைக்கலாம். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு வழக்கத்தில் இருப்பவை மூன்று. பேனலில் வரிசையாகச் சர்க்யூட் பிரேக்கர்கள், பழைய முறை; கரண்ட் மிஞ்சினால் பொத்தான் வெளியே துள்ளி இணைப்பைத் துண்டிக்கும், அதைத்தான் பிரேக்கர் ‘விழுந்தது’ என்போம். கார்களில் வரும் பிளேடு ஃபியூஸ்களை ஒரே பிளாக்கில் செருகி பேனலுக்குக் கீழே மறைவாக வைப்பது இரண்டாவது. மூன்றாவது, விபி-எக்ஸ் மாதிரி மின்னணுப் பெட்டி: எல்லா சர்க்யூட்டும் அதற்குள் போய்விடும், நிலவரம் திரையில் தெரியும். நான் ஃபியூஸ் பக்கம். மூன்றே மூன்று சர்க்யூட்டுக்கு மட்டும் பிரேக்கர் வைத்திருக்கிறேன், அந்தக் கதை கீழே வருகிறது. சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எதை எடுத்தாலும் மாறாத விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். வயர் டெஃப்செல் என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் உறை போட்ட விமான வயராகத்தான் இருக்கவேண்டும், பி.வி.சி. வயர் எரிந்தால் அடைத்த காக்பிட்டில் அந்தப் புகையோடு உட்கார்ந்திருக்க முடியாது. கேஜ் எண் கூடக்கூட வயர் மெல்லியது; 22 கேஜ் வயருக்கு 5 ஆம்பியர், 20-க்கு ஏழரை, 18-க்கு 10 என்பது கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக்கூடிய கணக்கு. பிரேக்கரும் ஃபியூஸும் காப்பாற்றுவது வயரைத்தான். ரேடியோவைக் காப்பாற்றுவது ரேடியோவுக்குள் இருக்கும் சர்க்யூட்டின் வேலை. விலை? நல்ல விமானத்தர பிரேக்கர் ஒன்று முப்பது நாற்பது டாலர், ஃபியூஸ் சில்லறைக் காசு. இருபது சர்க்யூட் என்றால் வித்தியாசம் தெரியும். ஆனால் எஞ்சினுக்கே பல்லாயிரம் டாலர் கொடுத்தவன் இதற்காக முடிவை மாற்றிக்கொள்ள மாட்டான். எடையும் அப்படித்தான்.

பிரேக்கர்காரர்களின் பெரிய வாதம் ஒன்று உண்டு, அதை லேசாக ஒதுக்க முடியாது. பிரேக்கர் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். கையை நீட்டித் திரும்ப அமுக்கலாம். ஃபியூஸ் போனால் ஆகாயத்தில் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். என் பதில்: ஒன்றும் செய்ய மாட்டேன், செய்யவும் கூடாது.

2007 ஜூலையில் ஃபுளோரிடாவில் டேட்டோனா பீச்சிலிருந்து லேக்லேண்டுக்குக் கிளம்பிய ஒரு செஸ்னா 310 சான்ஃபோர்டில் வீடுகள்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த இருவரும் தரையில் மூவரும் இறந்துபோனார்கள். முந்தின நாள் அதே விமானத்தை ஓட்டிய இன்னொரு பைலட், வானிலை ரேடாரிலிருந்து கருகல் வாடை வந்ததும் அதன் பிரேக்கரை இழுத்துவிட்டு, கோளாறை எழுதியும் வைத்தார். கோளாறைச் சரிசெய்யாமலே விமானம் மறுநாள் கிளம்பியது. இழுத்த பிரேக்கர் திரும்ப அமுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விசாரணை வந்துசேர்ந்த இடம். 2010-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. இதைப் பற்றி ஒரு தகவல் அறிக்கை விட்டது. பறக்கும்போது விழுந்த பிரேக்கரை, பத்திரமாக இறங்குவதற்கு அது அவசியம் என்றாலொழியத் தொடாதே. தொட்டே ஆகவேண்டுமென்றால் ஒரு நிமிடமாவது பொறு, புகையும் வாடையும் இல்லை என்று பார், ஒரே ஒரு தடவை அமுக்கு. சாரம் அதுதான்.

அப்படியானால் கைக்கெட்டும் தூரத்தில் இருபது பொத்தான்களை வைத்துக்கொண்டு, அதில் எதையும் தொடாதே என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளப்போகிறோம். ஒரு சர்க்யூட் போனால் பயணம் ஆபத்தாகும் என்றால், கோளாறு அந்தச் சர்க்யூட்டின் வடிவமைப்பில் இருக்கிறது. திரை இரண்டு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி வழி கொடு. எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் செத்தால் பேட்டரியிலிருந்து நேராக ஒரு மாற்றுவழி கொடு. அதைச் செய்துவிட்டால் எந்த ஃபியூஸ் போனாலும் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இறங்கிய பிறகு என்ன? என்னை முடிவெடுக்க வைத்தது இந்த இடம்தான்.

விமானத்தைக் கட்ட எவ்வளவு காலம் ஆனாலும், பராமரிக்கும் காலம் அதைவிட நீளம். ஆர்வி-7-இல் இரண்டு விதமான மேல்மூடி உண்டு. முன்பக்கமாகத் தூக்கும் மூடி என்றால், பேனலுக்குப் பின்பக்கம் மேலிருந்து ஓரளவு கை போகும். பின்னால் தள்ளும் மூடி என்றால் பேனலுக்கு முன்னால் உள்ள தகடு ரிவெட் அடித்து மூடியிருக்கும். பின்பக்கம் போக ஒரே வழி, சீட்டை எடுத்துவிட்டு மல்லாந்து படுத்து, சுக்கான் பெடல்களுக்கு நடுவில் தலையைக் கொடுப்பது. என்னுடையது தள்ளும் மூடி. டெக்சஸ் ஆகஸ்ட்டில் ஹேங்கருக்குள் அப்படிப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஒரு திருகைத் தேடிப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பிரேக்கர் வரிசையின் பின்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகு. ஒரு பக்கத்துத் திருகுகள் எல்லாவற்றையும் ஒரே செம்புப் பட்டை இணைக்கிறது; மறுபக்கம் ஒவ்வொரு வயரும் வளைய டெர்மினலோடு வந்து உட்காருகிறது. எஞ்சின் அதிர்வில் ஒரு திருகு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூடானால் பிரேக்கர் காரணமில்லாமல் விழும். எதனால் விழுந்தது என்று பார்க்க மல்லாந்து படுக்க வேண்டும். நடுவில் ஒரு பிரேக்கரை மாற்றவேண்டும் என்றால் அந்தச் செம்புப் பட்டையையே தளர்த்த வேண்டியிருக்கும். போதாததற்கு, இழுத்துத் தள்ளாமல் பல வருடம் கிடக்கும் பிரேக்கரின் உள்தொடுமுனை கெட்டுப்போகும். ஆண்டுச் சோதனையில் ஒவ்வொன்றையும் இழுத்துத் தள்ளிவிடுங்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வது அதனால்தான்.

ஃபியூஸ் பிளாக்கை நான் வலதுபக்கப் பயணியின் முழங்காலுக்கு மேலே, கீல் போட்ட ஒரு சிறு தட்டில் பொருத்தியிருக்கிறேன். இரண்டு திருகை எடுத்தால் தட்டு கீழே இறங்கிவிடும். சீட்டில் உட்கார்ந்தபடியே இருபது சர்க்யூட்டும் கண்முன். வயர்கள் கால் அங்குலத் தட்டை டெர்மினலோடு வந்து செருகிக்கொள்பவை. திருகே இல்லை, தளர ஒன்றுமில்லை. டெர்மினல் மட்டும் விமானத் தரத்தில், வயர் உறையையும் சேர்த்துப் பிடிக்கும் வகையாக இருக்கவேண்டும். டெர்மினலை வயரோடு நசுக்கிப் பிடிக்கவைக்க, அதாவது கிரிம்ப் அடிக்க, ராட்செட் கருவி வேண்டும். அடித்தபின் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம், அதிகம் பேர் கவனிக்காத ஒரு வசதி. பிளேடு ஃபியூஸின் முதுகில், பிளாஸ்டிக்குக்கு நடுவே கடுகளவு உலோகம் இரண்டு இடத்தில் தெரியும். மல்டிமீட்டரின் முனை அங்கே தொடுவதற்காகவே விட்ட இடைவெளி அது. மாஸ்டர் சுவிட்சைப் போட்டு, அந்தச் சர்க்யூட்டின் சுவிட்சையும் போட்டு, இரண்டு பக்கமும் தொட்டால் போதும்: ஒன்றில் 12 வோல்ட், மற்றதில் சூன்யம் என்றால் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டிலும் 12 என்றால் ஃபியூஸைத் தாண்டித் தேடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி இரண்டு புள்ளிக்கும் குறுக்கே வைத்தால், எந்த சர்க்யூட் கரண்ட் இழுக்கிறது என்பதும் தெரிந்துவிடும். நிறுத்தி வைத்த விமானத்தில் பேட்டரி தானாக இறங்குகிறது என்றால், எந்த வயரையும் கழற்றாமல் ஒவ்வொரு ஃபியூஸாகத் தொட்டுக்கொண்டே போகலாம். பிரேக்கரில் இதைச் செய்ய மறுபடி மல்லாந்து படுக்க வேண்டும்.

இந்தப் பராமரிப்புக் கணக்கில் இன்னொரு ஆளும் இருக்கிறார். விமானத்தைக் கட்டியவர் எஃப்.ஏ.ஏ.விடம் ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கினால், அந்த விமானத்தின் ஆண்டுச் சோதனையைத் தானே செய்துகொள்ளலாம். விமானத்தை விற்றுவிட்டால் அந்தச் சான்றிதழ் புது உரிமையாளருக்குப் போகாது. அவர் பெரும்பாலும் உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோவார். உங்கள் வயரிங்கை முதன்முதலாகப் பார்க்கும் அந்த மெக்கானிக் மணிக்கணக்கில் காசு வாங்குபவர். தட்டை இறக்கியதும் எண் போட்ட ஃபியூஸ், ஒவ்வொரு வயரிலும் அச்சடித்த பெயர், பையில் வரைபடம் என்று இருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். பிரேக்கர் வரிசையிலும் இதெல்லாம் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்கவே அவர் படுத்தாகவேண்டும். உதிரிபாகமும் அப்படி: சிறு ஊர் விமானத்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை பிரேக்கர் கிடைக்காது, பிளேடு ஃபியூஸ் பெட்ரோல் பங்கில்கூடக் கிடைக்கும்.

இப்போது அந்த மூன்று பிரேக்கர்கள். முதலாவது ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு சர்க்யூட், அதாவது அதற்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளுக்குப் போகும் கரண்ட். ரெகுலேட்டர் கெட்டு வோல்டேஜ் எகிறினால், குரோபார் எனப்படும் பாதுகாப்புச் சர்க்யூட் வேண்டுமென்றே ஃபீல்டு வயரைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்து, 5 ஆம்பியர் பிரேக்கரை விழவைக்கும், ஆல்டர்னேட்டர் அடங்கிவிடும். அது எப்போதாவது காரணமில்லாமலும் விழலாம் என்பதால் இங்கே பிரேக்கர்தான் சரி. எல்லா சர்க்யூட்டுக்கும் கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் பஸ் என்ற பொதுப் பட்டையிலிருந்து அந்தப் பிரேக்கருக்கு வரும் வழியில் இன்னொரு ஃபியூஸைப் போடாதீர்கள். ஃபியூஸ் பிரேக்கரைவிட வேகமாகப் போகும். பிரேக்கர் விழுமுன் ஃபியூஸ் போய்விடும், பிரேக்கர் வைத்ததற்கே அர்த்தமில்லாமல் ஆகிவிடும். அந்த இடத்தில், வயரைவிட நான்கு கேஜ் மெல்லிய உருகும் துண்டுதான் வழக்கம். மற்ற இரண்டு ஆட்டோபைலட்டும், கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்காமல் விமானத்தைச் சமநிலையில் வைக்கும் ட்ரிம் மோட்டாரும். இவை தன்னிச்சையாக ஓட ஆரம்பித்தால் உடனே இழுத்து அணைக்க ஒரு பிடி வேண்டும், அதனால் இழுக்கக்கூடிய பிரேக்கர்.

இரவில் பறப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: ஃபியூஸ் வைத்திருந்தால் ஒரு முழு செட்டோ, தேவையான ஒவ்வொரு வகையிலும் மூன்றோ உபரி ஃபியூஸ் பைலட்டின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். ஒரு சின்ன டப்பா, வரைபடப் பைக்குள். முடிந்தது.

மின்னணுப் பெட்டியைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள். நண்பர் ஒருவரின் விமானத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்ததுதான் என் அனுபவம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு சர்க்யூட்டும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று திரையிலேயே காட்டுகிறது. இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பையும் ட்ரிம்மையும் அதுவே நடத்துகிறது. வேகம் கூடினால் ட்ரிம் மோட்டாரை மெதுவாக்குகிறது. தனித்தனி ரிலே, கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் மிச்சம். வயரிங் வேலையும் குறைந்தது என்றார் நண்பர். எனக்கு இடிப்பது ஒன்றுதான்: பதினைந்து வருடம் கழித்து அந்தப் பெட்டி பழுதானால், அன்றைக்கு அதே பெட்டியோ அதைத் திறந்து பார்க்கும் ஆளோ இருப்பார்களா? ஃபியூஸ் இருக்கும் என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் பெரிய திரைகளும் இரட்டை ஆட்டோபைலட்டும் வைத்து ஐ.எஃப்.ஆர்., அதாவது மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப்போகிறவர் வேறு முடிவுக்கு வந்தால் வாதம் செய்ய மாட்டேன்.

அதேபோல, என் லைகமிங் எஞ்சினில் பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் மேக்னெட்டோதான். பேட்டரி செத்தாலும் அது ஓடும். மின்னணு இக்னிஷனும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் வைத்தவர்களுக்குக் கரண்ட் நின்றால் எஞ்சின் நிற்கும். அவர்களுக்குப் பிரேக்கரா ஃபியூஸா என்பது இரண்டாவது கேள்வி. எஞ்சினுக்குத் தனி பஸ், இரண்டு பேட்டரி அல்லது இரண்டு ஆல்டர்னேட்டர் என்பதை முதலில் தீர்க்கவேண்டும். அந்த வகை எஞ்சினை வயரிங் செய்தவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் என்று முடிவு செய்தால், தேவைக்கு மேல் நான்கைந்து இடம் காலியாக இருக்கும் பிளாக்காக வாங்குங்கள். விமானம் பறக்க ஆரம்பித்த பிறகுதான் சூடான சீட், யு.எஸ்.பி. சார்ஜர், கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று ஒவ்வொன்றாக ஆசை வரும். காலி இடத்துக்கு அப்போதே ஒரு நீள வயரைப் போட்டு, நுனியை மூடிச் சுருட்டி, பெயரெழுதி வைத்துவிடுங்கள்.