டிடோவா, போடோனியா, பிளேஃபேரா?

தலைப்புக்கு எந்த ஆங்கில ஃபான்ட் (எழுத்துரு) போடலாம் என்று பார்த்தால், இந்த மூன்றும் பார்வைக்கு ஒரே குடும்பம்தான். நிமிர்ந்த கோடுகள் கனமாக இருக்கும், குறுக்குக் கோடுகள் இழையாக மெலிந்திருக்கும். தலைப்பில் வைத்தால் பக்கத்துக்கு உடனே ஒரு பணக்காரக் களை வந்துவிடும். ஆனால் எதை எங்கே போடலாம் என்பது அந்த மெல்லிய கோடு எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தது.

1780களில் பாரிஸில் ஃபிர்மான் டிடோ வெட்டிய எழுத்து மூன்றிலும் கறாரானது. இதன் செரிஃப், அதாவது கோட்டின் முனையில் நீளும் சிறு குறுக்குக் கோடு, தடித்த கோட்டோடு வளைவே இல்லாமல் நேராகப் போய் ஒட்டும். வோக் ஃபேஷன் இதழின் அட்டையில் அதன் பெயர் இந்தப் பாணிதான். 1990களின் தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் பஜார் ஃபேஷன் இதழுக்காக எழுத்து வடிவமைப்பாளர் ஜோனதன் ஹோஃப்ளர் டிடோவைப் புதிதாக வரைந்தபோது, 6 பாயிண்ட் (பாயிண்ட் என்பது எழுத்தின் அளவு) முதல் 96 பாயிண்ட் வரை ஏழு அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்தார். காரணம் எளிது. ஒரே வரைவைச் சுருக்கினால் இழை காணாமல் போகும், பெரிதாக்கினால் இழையும் தடித்து நளினம் போய்விடும். அப்படி அளவுக்கேற்ற வரைவு கையில் இல்லையென்றால் டிடோவைச் சிறிய எழுத்தில் தொடவே வேண்டாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஆஃப்செட் அச்சில் அடித்தால் இன்னும் மோசம், மை பரவி இழையை மூடிவிடும்.

போடோனி இத்தாலியின் பார்மாவிலிருந்து வந்தது. ஜாம்பட்டிஸ்டா போடோனி அங்கே 1768 முதல் டியூக்கின் அச்சகத்தை நடத்தியவர். டிடோவைவிட இதில் கொஞ்சம் சதைப்பிடிப்பு உண்டு, அதனால் போஸ்டருக்கு இதுதான் என் தேர்வு. ஒரு சிக்கல்: போடோனி என்ற பெயரில் பல ஃபான்ட்கள் உலவுகின்றன. 1926இல் வந்த பாவர் போடோனி மெலிதாக, நேர்த்தியாக இருக்கும். அமெரிக்காவில் மாரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்தது முரட்டுத்தனமானது. ஆகவே முழுப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். காசில்லாமல் வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் போடோனி மோடா இருக்கிறது. எழுத்தின் அளவுக்கேற்ப இழையின் தடிமனை மாற்றும் வசதியும் அதில் உண்டு. இலவசத்துக்கு இது ரொம்பவே அதிகம்!

பிளேஃபேர் டிஸ்பிளேவும் இலவசம்தான். கிளாஸ் எகர்ஸ் சோரன்சன் வரைந்த இது பாஸ்கர்வில் என்ற பழைய ஆங்கிலேய எழுத்தின் வழியில் வந்தது. இழைகள் மற்ற இரண்டையும்விடத் தைரியமானவை, a, e போன்ற சின்ன எழுத்துகளும் (lowercase) நல்ல உயரம். திரையில் தலைப்புக்கு நம்பிப் போடலாம். அழகுநிலையம் முதல் காபிக்கடை வரை எல்லோரும் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்பது வேறு விஷயம். அப்புறம், இதன் எண்கள் இயல்பாகவே ஏற்ற இறக்கமாக வரும். தொலைபேசி எண்ணோ விலையோ போடும்போது சம உயர எண்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதிலும் தமிழ் எழுத்து கிடையாது. இரண்டு மொழியிலும் அழைப்பிதழ் அடிப்பவர்கள் பிளேஃபேரோடு நோட்டோ செரிஃப் தமிழ் என்ற தமிழ் ஃபான்டை வைத்துப் பார்க்கலாம், ஓரளவு ஒத்துப்போகும். டிடோவுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் தமிழ் கனத்துத் தெரியும்.