மதுரையிலிருந்து ஒரு விடியற்காலை: தேக்கடியா, செண்பகத்தோப்பா, அரிட்டாபட்டியா, சாமநத்தமா?

சென்னையில் இருக்கும் என் அக்கா மகன் பொங்கல் விடுமுறைக்கு வந்து இறங்கியதும் கேட்பது ஒன்றுதான். "மாமா, இந்தத் தடவை சஃபாரி கூட்டிப் போவீர்களா?" வண்டலூரில் கம்பி வலை போட்ட வண்டியில் சிங்கம் பார்த்து வளர்ந்த பையன். அவன் கேட்பது நியாயம்தான். யானைமலை, நாகமலை, அழகர்மலை, சிறுமலை என்று மதுரையைச் சுற்றித் திரும்பிய பக்கமெல்லாம் மலை நிற்கிறது. ஆனாலும், ஜீப்பில் ஏறிக் காட்டுக்குள் போய்விட்டு இட்லி ஆறுவதற்குள் வீடு திரும்பும்படி ஓர் இடம் நமக்கு அருகில் கிடையாது.

அதற்காக விடியற்காலையைத் தூங்கிக் கழிக்க வேண்டியதில்லை. இருட்டோடு கிளம்ப வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும், குழந்தைகளும் வயதானவர்களும் வர முடிய வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்து நான் போய்வந்த இடங்களை ஒன்றோடு ஒன்று நிறுத்திப் பார்க்கிறேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது தேக்கடி. பெரியாறு புலிகள் காப்பகம், 925 சதுர கிலோமீட்டர், ஏரியில் படகு. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏற வேண்டும். ஏறக்குறைய 140 கிலோமீட்டர். காலையில் முதல் படகு ஏழரை மணிக்கு. வரைபடத்தில் மூன்றரை மணி நேரம் என்று போட்டிருப்பதை நம்பி ஒருமுறை மூன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். மலைப்பாதையில் சரக்கு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்து, துறைக்கு நடந்து சேர்ந்தபோது படகு கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. என் அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த படகில் போனோம். வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம், நான்கைந்து மிளா, அவ்வளவுதான்.

அந்த ஏமாற்றத்தை வைத்துத் தேக்கடியைத் தள்ளிவிட மாட்டேன். அடுத்த ஆண்டு பங்குனியில் முந்தின நாளே குமுளியில் தங்கி, முதல் படகிலேயே ஏறினோம். ஏரி மேல் பனிப்புகை இருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து கறுத்து நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. 1895ஆம் ஆண்டு ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை நிறைந்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அந்த மரங்கள். அந்த ஏரித் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் வந்து நம் வயல்களுக்கும் நம் வீட்டுக் குழாய்களுக்கும் சேர்கிறது. மதுரைக்காரன் ஒருவன் அந்தப் படகில் உட்கார்ந்து, அதே தண்ணீரைக் குடிக்க ஒரு தாய் யானை குட்டியோடு கரைக்கு இறங்குவதைப் பார்த்தால் நெஞ்சு நிறைந்துவிடும். எனக்கு நிறைந்தது. காட்டுக்குள் சுனைகள் வற்றும் மாசி, பங்குனி, சித்திரையில் யானைகளும் காட்டுமாடுகளும் ஏரிக்கரைக்கு வருவது அதிகம். மழைக்காலத்தில் உள்ளே எங்கும் தண்ணீர் கிடைப்பதால் அவை கரைக்கு வர வேண்டிய தேவை குறைகிறது.

ஆகவே யானைதான் வேண்டும் என்றால் தேக்கடிக்கு ஈடு கிடையாது. ஆனால் அது ஒரு காலைப்பொழுதில் முடியும் வேலை அன்று. ஓர் இரவையும் அதற்குரிய செலவையும் ஒதுக்க வேண்டும். படகில் அமைதிக்கும் உறுதி சொல்ல முடியாது. ஒருவர் விரல் நீட்டியதும் அத்தனை பேரும் ஒரே பக்கம் எழுந்து கூச்சலிட, மான்கள் மரத்துக்குள் மறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தூரத்தில் அதற்குப் பாதிதான் ஸ்ரீவில்லிபுத்தூர். மதுரையிலிருந்து 75 கிலோமீட்டர், அங்கிருந்து மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு இன்னும் எட்டு. நாலரைக்குக் கிளம்பினால் விடியும் நேரத்துக்குப் போய்விடலாம். 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. ஆனால் இங்கே புலியைத் தேடிப் போகாதீர்கள். பார்க்க வேண்டியது சாம்பல் நிற மலை அணில், ஊர் வழக்கில் நரை அணில். மூக்கு முதல் வால் நுனி வரை இரண்டரை அடி நீளம் வரும். உலகிலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. தரைக்கு அனேகமாக இறங்குவதில்லை. கிளையிலிருந்து கிளைக்குத் தாவியே வாழ்கிறது. அதனால் மர உச்சிகள் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் காடு இல்லையென்றால் இந்த உயிருக்கு வழியே அடைபட்டுப் போகும்.

இங்கே கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. உச்சிக் கிளையில் பந்துபோலக் குச்சியும் இலையும் சேர்த்துக் கட்டிய கூட்டைக் கண்டுபிடித்து, அதன் கீழே பேசாமல் நிற்க வேண்டும். காலை ஏழு, ஏழரை வரை அது சுறுசுறுப்பாக மேயும். வெயில் வந்தால் கிளையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அக்கா மகன் இருபது நிமிடம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே ஒரு மாங்கொட்டை விழுந்தது. அப்புறம் அவனை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். அடிவாரத் தோப்புகளுக்கு யானைகள் இறங்கும் பகுதி இது. இருட்டில் நடக்கக் கூடாது. வனத்துறை விடும் இடம் வரைதான் போக வேண்டும். அனுமதியை முந்தின நாளே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. காட்டழகர் கோயிலுக்குக் கூட்டம் ஏறும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அணிலைத் தேடிப் போவது வீண். திரும்பும்போது பால்கோவா வாங்கிக்கொள்ளலாம் என்பது குழந்தைகளை எழுப்ப உதவும்.

அரிட்டாபட்டிக்கு வருகிறேன். நான்கில் என் மனதுக்கு நெருக்கமானது இது என்பதை மறைக்கப் போவதில்லை.

மேலூர்ச் சாலையில் நரசிங்கம்பட்டி தாண்டித் திரும்பினால் மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம். வீட்டிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும். ஏழு குன்றுகள், அவற்றின் மடியில் கண்மாய்கள், சுனைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லி கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளுக்காகவே பலர் தொலைவிலிருந்து வருகிறார்கள்.

முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறு, கழுகு பார்க்க ஐந்தரைக்கே பாறை உச்சியில் உட்கார்ந்து ஏழு மணிக்கு அலுத்துத் திரும்பிவிடுவது. கழுகு கனமான பறவை. பாறை சூடேறி, வெப்பக்காற்று மேலெழுந்த பிறகுதான் அது சிறகடிக்காமல் வட்டமிடத் தொடங்கும். வல்லூறுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மாடப்புறாக்கள் பாறை இடுக்கை விட்டுக் கிளம்பும் வேளையிலேயே வேட்டைக்குப் புறப்பட்டுவிடும். எனவே விடிந்ததும் கண்மாய்க் கரை. அங்கே மீன்கொத்தி, முக்குளிப்பான், தாழைக்கோழி. எட்டு மணிக்குப் பிறகு தலையை உயர்த்தி மலைமுகட்டைப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் கழிஞ்சமலைக்குப் போகலாம். சமணர் படுக்கையும், தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்துகளும் அங்கே இருக்கின்றன. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவத்துக்குக் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். அதில் சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம். தேக்கடியில் மிருகம் வராவிட்டால் அந்தக் காலைக்குக் கையில் ஏரி மட்டும்தான் மிஞ்சும். இங்கே பறவை ஏமாற்றினாலும் இரண்டாயிரம் ஆண்டு எழுத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வரலாம். தொடத்தான் கூடாது.

போன தை மாதம் குடைவரைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தோம். ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர், "எந்த ஊர், எதற்கு வந்தீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டார். பைனாகுலரைக் காட்டினேன். முகம் இளகியது. "பருந்து பார்க்கவா, அந்த இடுக்கைப் பாருங்கள் தம்பி" என்று கையை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் பாறையில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, பாறையின் நிறத்திலேயே, அசையாமல் ஒரு வல்லூறு. வழிகாட்டி வைத்துப் போயிருந்தாலும் அவ்வளவு சரியாகக் காட்டியிருப்பாரா என்று தெரியவில்லை.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தபோது சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் எழுந்தன. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கிப் பேரணியாக வந்தார்கள். அந்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மலை இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பதற்கு அந்த மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அங்கே போகிறவர்கள் முதலில் ஊருக்கு வணக்கம் சொல்லுங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள், டிரோன் கொண்டு போகாதீர்கள். பாறையில் கூடு இருக்கும் பருவத்தில் அருகில் ஏறவே வேண்டாம். தாய்ப் பறவை எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் கிடக்கும்.

அரிட்டாபட்டியின் குறை நடைதான். பாறைச் சரிவில் ஏற முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். என் அம்மாவை அடுத்த முறை கீழே கண்மாய்க் கரையிலேயே உட்கார வைத்துவிட்டேன். கடையோ கழிப்பறையோ எதிர்பார்க்க முடியாது. தண்ணீரை நாமே எடுத்துப் போக வேண்டும்.

அம்மாவுக்காகவே கண்டுபிடித்தது சாமநத்தம் கண்மாய். சிந்தாமணி வழியாகப் போனால் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதைச் சஃபாரி என்றால் சிரிப்பவர்கள் மார்கழியிலோ தையிலோ ஒருநாள் ஆறரைக்கு அந்தக் கரையில் நின்று பார்க்க வேண்டும். கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஒதுக்கிக்கொண்டு வருகின்றன. மஞ்சள்மூக்கு நாரை வாயைத் திறந்தபடி நீருக்குள் வைத்துக் காத்திருக்கிறது. மீன் தொட்டதும் மூடிக்கொள்கிறது. கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் ஆட்டிச் சேற்றைத் துழாவுகிறது. இளஞ்சிவப்புக் காலோடு நெடுங்கால் உள்ளான் ஆழமற்ற நீரில் நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் அம்மா பதினேழு வகை எண்ணினார். தேக்கடிப் படகில் ஒன்றரை மணி நேரத்தில் எனக்குக் கிடைத்ததைவிட உயிர்களின் எண்ணிக்கை இங்கேதான் அதிகம். யானை மட்டும் இல்லை.

இங்கே காலைதான் சரி, மாலை சரிப்படாது என்பதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். நம் பக்கத்தில் நிலம் பொதுவாகக் கிழக்கும் தென்கிழக்கும் நோக்கிச் சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை அந்தப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் அதற்கு மேற்கே தேங்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். பறவையின் இறகு நிறம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். மாலையில் போனால் எல்லாம் கறுப்பு நிழல்தான். இரை மேயும் ஆழமற்ற ஓரம் மறுபக்கம் என்பதால் பைனாகுலர் கட்டாயம் வேண்டும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றிவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது. அப்போது இந்தப் பெயரையே எடுக்க வேண்டாம்.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தையும் சிலர் கேட்பார்கள். 1977 முதல் சரணாலயம், மதுரையிலிருந்து 50 கிலோமீட்டர் அளவில். நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க ஏற்ற இடம். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களைப் பார்க்கவாவது ஒருமுறை போக வேண்டும். காரைக்குடிப் பக்கம் வேலை இருக்கும் நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேவாங்குக்காகக் கடவூர்ப் பக்கம் காலையில் போவதில் பயனில்லை. அது இரவில் உலவும் உயிர்.

என் கணக்கு இது. விடுமுறையில் இரண்டு நாள் இருந்து, மாசியிலிருந்து சித்திரைக்குள் என்றால் தேக்கடி, அதுவும் இரவு தங்கி. ஒரு முழுக் காலையும் பொறுமையுள்ள குழந்தையும் இருந்தால் செண்பகத்தோப்பு. கால் நன்றாக இருப்பவர்களுக்கு ஐப்பசி முதல் மாசி வரை அரிட்டாபட்டி. பத்து மணிக்கு அலுவலகம் போக வேண்டும், கூடவே வயதான அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும் என்றால் சாமநத்தம். அக்கா மகனிடம் இந்தத் தை மாதத்துக்கு அரிட்டாபட்டிதான் என்று சொல்லிவிட்டேன். யானை இல்லையா என்று கேட்டான். யானைமலை வழியாகத்தான் போவோம் என்றேன்.