பிழை எண்ணிக்கையா, எரர் பட்ஜெட்டா? அணிகளை ஒன்றுசேர்க்கும் அளவீடு எது?

மென்பொருள் நிறுவனங்களில் தர அளவீட்டைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது, எதை எளிதாக எண்ண முடியும் என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. நான் முதலில் கேட்பது வேறு: இந்த எண் மோசமானால் யாருக்கெல்லாம் வலிக்கும்? ஓர் அணிக்கு மட்டும் வலிக்கும் எண், மற்ற அணிகளை அதற்கு எதிராக நிறுத்திவிடும்.

பிழை எண்ணிக்கையும் கோட் கவரேஜும்

சோதனை அணி எத்தனை பிழைகளைப் பிடித்தது என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அது ஏறினால் சோதனையாளருக்குப் பெருமை, நிரலாளருக்கு அவமானம். பிறகு என்ன நடக்கும்? ஒருவர் ஒரே பிழையை மூன்றாக உடைத்துப் பதிவு செய்வார். இன்னொருவர் "இது பிழையே இல்லை, வடிவமைப்பே இப்படித்தான்" என்று மூடிவிடுவார். இந்த இழுபறியால் பயனருக்கு எள்ளளவும் நன்மை இல்லை.

கோட் கவரேஜ், அதாவது எழுதிய கோட்டில் எத்தனை சதவீதத்தைச் சோதனைகள் ஓட்டிப் பார்க்கின்றன என்ற எண், இதைவிட மேல். சோதனையே தொடாத கோட் எங்கே கிடக்கிறது என்பதை அது நேர்மையாகக் காட்டும். ஆனால் 80 சதவீதம் கட்டாயம் என்று மேலிடம் விதித்துவிட்டால், கோட்டை ஓட்டிவிட்டு விடையைச் சரிபார்க்காமல் விடும் சோதனைகள் முளைக்கத் தொடங்கும். ஒரு வரி ஓடியதா என்பது மட்டுமே கவரேஜுக்குத் தெரியும். சரியாக ஓடியதா என்பது தெரியாது. பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையை முன்வைத்துச் சொன்னது இதுவேதான்: புள்ளிவிவரத்தில் தெரியும் ஓர் ஒழுங்கைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கினால், அந்த ஒழுங்கே குலைந்துபோகும். கவரேஜ் அணிக்குள் இருக்கட்டும், மேலாளரின் அறிக்கைக்குப் போக வேண்டாம்.

என்பிஎஸ்

நெட் புரமோட்டர் ஸ்கோர் என்பதன் சுருக்கம். வணிக ஆலோசகர் ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003-இல் முன்வைத்த அளவீடு. "இதை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்குவார்கள். 9, 10 மதிப்பெண் தந்தவர்களின் சதவீதத்திலிருந்து, 0 முதல் 6 வரை தந்தவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். எல்லா அணிகளுக்கும் பொதுவான எண் என்பது அதன் பலம். ஆனால் விலை கூடினாலும் அது சரியும், செயலி மந்தமானாலும் சரியும். எந்த அணி எதைத் திருத்துவது என்பதற்கு அந்த எண்ணில் விடை இல்லை.

டோரா அளவீடுகள்

எத்தனை முறை வெளியிடுகிறோம், எழுதிய மாற்றம் பயனரை அடைய எவ்வளவு நேரமாகிறது, மாற்றங்களில் எத்தனை சதவீதம் கோளாறில் முடிகிறது, கோளாறிலிருந்து மீள எவ்வளவு நேரமாகிறது: டோரா (DORA) என்ற மென்பொருள் ஆய்வுக் குழுவின் பரவலாக அறியப்பட்ட நான்கு எண்கள் இவை. இரண்டு வேகத்தை அளக்கின்றன, இரண்டு நிலைத்தன்மையை அளக்கின்றன. வேகத்துக்காகத் தரத்தை விற்றால் மறுபக்கத்து எண் காட்டிக்கொடுத்துவிடும். இந்த இணைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அணிகளை வரிசைப்படுத்தும் பட்டியலாக இதை மாற்றிவிட்டால் எல்லாம் பாழ். எதைக் 'கோளாறு' என்று பதிவது என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு தொடங்கிவிடும்.

எரர் பட்ஜெட்

என் தேர்வு இதுதான். சேவைகள் தடங்கலின்றி இயங்குவதைப் பார்த்துக்கொள்ளும் கூகுளின் எஸ்ஆர்இ (SRE) அணிகள் பரவலாக்கிய முறை. சேவை 99.9 சதவீதம் நேரம் கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தால், 30 நாட்களில் சுமார் 43 நிமிடத் தடங்கலுக்கு இடமுண்டு. அந்த 43 நிமிடம்தான் பட்ஜெட். அது மிச்சம் இருக்கும்வரை புதிய வசதிகளைத் துணிந்து வெளியிடலாம். தீர்ந்துவிட்டால் நிலைப்படுத்தும் வேலை மட்டுமே. வேகமாக வெளியிட விரும்பும் நிரலாளரும், இரவில் எழுந்து சேவையை மீட்கும் இயக்க அணியினரும், தேதி கேட்கும் தயாரிப்பு மேலாளரும் ஒரே இருப்பிலிருந்து செலவழிக்கிறார்கள். வெளியிடலாமா என்ற சண்டையில் குரல் உயர்ந்தவர் வெல்வது அங்கே நிற்கிறது.

இது தானாக நடக்காது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அளந்தால் பயனில்லை. பயனர் செலுத்திய பணம் இரண்டு விநாடிக்குள் போய்ச் சேர்ந்ததா என்று அளக்க வேண்டும். பட்ஜெட் தீர்ந்த நாளில் "இந்த ஒருமுறை மட்டும்" என்று தலைமை விதியைத் தளர்த்தினால், அந்த எண்ணை அதன்பின் யாரும் மதிக்கமாட்டார்கள். வேகமாக வந்த தவறான விடையும் இதில் வெற்றியாகவே பதிவாகிவிடக்கூடும். அதனால் பயனர் வரை தப்பிப்போன பிழைகளையும் கூடவே கவனிக்க வேண்டும்.

மாதம் ஆயிரம் கோரிக்கைகளே வரும் சிறிய சேவைக்கு இது பொருந்தாது. ஆயிரத்தில் ஒன்று என்பதே 0.1 சதவீதம் என்பதால், அங்கே ஒரே ஒரு கோரிக்கை தோற்றாலும் அது 99.9 சதவீத இலக்கின் பட்ஜெட் முழுவதையும் தின்றுவிடும். அத்தகைய இடங்களில் சதவீதத்தை விட்டுவிட்டு, தப்பிப்போன ஒவ்வொரு பிழையையும் நிரலாளரும் சோதனையாளரும் ஒன்றாக உட்கார்ந்து ஆராய்ந்து, எந்தக் கட்டத்தில் அதைப் பிடித்திருக்கலாம் என்று எழுதிவைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.