வெட்டி ஒட்டுற பேப்பர் கட்டட மாடல் டிசைன் பண்ண இங்க்ஸ்கேப்பா, பெபகுராவா?

நேர் சுவரா இருக்குற கட்டடம்னா படம் வரையுற சாஃப்ட்வேர் இங்க்ஸ்கேப்பே போதும்ங்க, காசு கிடையாது, லினக்ஸ்லயும் ஓடும். 1:100 ஸ்கேல்ல 12 மீட்டர் சுவர் 12 செ.மீ, ஒரு செவ்வகம் போட்டு ஜன்னல், செங்கல் எல்லாம் தனித்தனி லேயர்ல வச்சு ஓரத்துல ஒட்டுறதுக்கு 5 மி.மீ மடிப்பு விட்டா முடிஞ்சது. என்ன, கணக்கு நாமதான் போடணும். 8 மீட்டர் அகல வீட்டுக்கு நடுவுல 3 மீட்டர் உயரக் கூரைன்னா சரிவு 5 மீட்டர் (பைதாகரஸ் இதுக்காவது உதவுறாரே), ஆனா குவிமாடம்னு வந்தா தலை சுத்திடும்.

அங்கதான் பெபகுரா. ஜப்பான்காரங்க சாஃப்ட்வேர், 3டி மாடலைக் குடுத்தா அதுவே தட்டையா விரிச்சு, மடிப்பு, எந்த ஓரம் எதோட சேரணும்ங்கிற நம்பர் எல்லாம் போட்டுத் தரும். ஆனா விண்டோஸ்க்கு மட்டும்தான், காசு கட்டாம சேவ் பண்ண முடியாது, அது விரிச்சதை அப்படியே பிரிண்ட் எடுத்தா சில சமயம் துண்டு துண்டா வரும், எங்க வெட்டணும்னு நாம உக்காந்து மாத்தணும்.

என் ஓட்டு இங்க்ஸ்கேப்புக்குத்தான். குவிமாடம் வேணும்னா 3டி மாடல் செய்யுற பிளெண்டர் சாஃப்ட்வேர்ல இலவசமா பேப்பர் மாடல் ஆட்-ஆன் இருக்கு, அதுல விரிச்சு எஸ்விஜியா (இங்க்ஸ்கேப்ல திறக்குற பட ஃபைல்) எடுத்து இங்க்ஸ்கேப்ல கலர் பண்ணிக்கலாம்.