கலப்புக் கோழிக்கூட்டத்துக்கு 56 முட்டை இன்குபேட்டர்: வாங்கலாமா?

வெவ்வேறு ஸ்டிக்கர் ஒட்டி எல்லா ஊரிலும் விற்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் மூடி போட்ட 56 முட்டை தானியங்கி இன்குபேட்டரை, அதாவது முட்டை பொரிக்கும் மெஷினைப் பற்றித்தான் இது. ஐந்தாறு சிறுவிடை (சிறிய நாட்டு ரகம்) கோழி மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது தேவையே இல்லை. அடைக்கு உட்காரும் தாய்க்கோழியைவிட நல்ல மெஷின் கிடையாது. சிறுவிடை, பெருவிடை (பெரிய நாட்டு ரகம்), கிராமப்பிரியா (முட்டைக்காக உருவாக்கிய கொல்லைக்கோழி ரகம்) எல்லாம் கலந்து மேயும் கொல்லையில்தான் இதற்கு வேலை. சிறுவிடை 12, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சோடு இரண்டு மாதம், அதுவரை முட்டை கிடையாது. கிராமப்பிரியா அடைக்கே உட்காராது. இரண்டுக்கும் பிறந்த கலப்புகளில் சில, பத்து நாள் உட்கார்ந்துவிட்டுப் பாதியில் எழுந்து போய்விடும். முட்டையை எடுத்து மெஷினில் வைத்தால் தாய் சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும்.

வாங்கியதும் முட்டையை அடுக்காதீர்கள். காலியாக ஒரு நாள் முழுக்க ஓடட்டும். திரையில் 37.7 என்று காட்டுவதை அப்படியே நம்ப முடியாது. சென்சார் அரை டிகிரி, சில மெஷினில் ஒரு டிகிரிகூட தப்பாக இருக்கும். சின்ன பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இறுக்கி மூடி, முட்டைத் தட்டின் நடுவில் நாலைந்து மணி நேரம் வைத்து, பிறகு காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை அந்தத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 37.5 முதல் 37.7 வரை இருந்தால் சரி. வித்தியாசம் இருந்தால் செட் பட்டனை அழுத்திப் பிடித்து, சிஏ என்று வரும் இடத்தில் திருத்தலாம். மூலையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நடுவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சூடு கூடினால் 20ஆம் நாளே, தொப்புள் மூடாத குஞ்சுகள் வரும். குறைந்தால் 22, 23 நாள் இழுத்து, வயிறு உப்பிய சோம்பல் குஞ்சுகள் வரும்.

கலப்புக் கூட்டத்தில் பெரிய சிக்கல் முட்டையின் அளவுதான். கிராமப்பிரியா முட்டை 55 கிராமைத் தாண்டும், சிறுவிடை முட்டை 40 கிராமே இருக்காது. தட்டின் குழிகள் பெரிய முட்டைக்குச் செய்தவை. சின்ன முட்டை அதில் சாய்ந்து கிடந்து சரியாகத் திரும்பாது. இரண்டு பக்கமும் அட்டைத் துண்டு செருகினால் நிற்கும். சின்ன முட்டை சில மணி நேரம் முந்திப் பொரியும் என்பதால் பெரியதைக் காலையிலும் சிறியதை மாலையிலும் வைப்பது நல்லது. இட இட ஒவ்வொன்றாகச் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஏழு நாள் வரை கூர்முனை கீழாக நிழலில் சேர்த்துவைத்து ஒரே நாளில் வையுங்கள்.

அடியில் இரண்டு தண்ணீர்க் குழி உண்டு. முதல் 18 நாள் ஒன்றை மட்டும் நிரப்பினால் ஈரப்பதம் 50, 55 சதவீதத்தில் நிற்கும். கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் வேண்டாமலே போகலாம். கரூர், வேலூர் சித்திரை வெயிலில் தினமும் ஊற்றணும். 18ஆம் நாள் திருப்பும் தட்டை எடுத்துவிட்டு, இரண்டு குழியையும் வெதுவெதுப்பான தண்ணீரால் நிரப்பி, ஈரப்பதத்தை 65 முதல் 70 வரை கொண்டுவந்து, மூடியில் உள்ள காற்றுத் துளையை முழுக்கத் திறந்து வையுங்கள். அதற்குப் பிறகு மூடியைத் தொடக்கூடாது. முதல் குஞ்சு கத்தியதும் ஆசையில் திறப்பவர்கள்தான் அதிகம். அந்த ஒரு நிமிஷத்தில் ஈரம் வெளியேறி, மூக்கால் ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கும் மற்றக் குஞ்சுகளின் மேல் சவ்வு காகிதம்போல் ஒட்டிக்கொள்ளும். பொரிந்த குஞ்சு மஞ்சள் கருவின் தயவில் ஒரு நாள் தீனி இல்லாமல் இருக்கும், பயப்பட வேண்டாம்.

அடித்தளம் வழுவழுப்பாக இருப்பது இந்த மெஷினின் உண்மையான குறை. வழுக்கிக் குஞ்சுகளின் கால் விரிந்துபோகும். கடைசி மூன்று நாள் சாக்குத் துணி விரித்தே ஆக வேண்டும். கூடவே வரும் முட்டை பார்க்கும் விளக்கும் போதாது. செல்போன் டார்ச்சில் ஓட்டை போட்ட அட்டையை வைத்து 7ஆம் நாள் பாருங்கள். சிலந்திபோல் நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடலாம். அப்படி எடுப்பது நிறைய வந்தால் மெஷினைத் திட்டாமல் சேவலைக் கவனியுங்கள். எட்டு, பத்துக் கோழிக்கு ஒரு சேவல் வேண்டும்.

மின்சாரச் செலவு பெரிதல்ல. 80 வாட் ஹீட்டர் நிற்காமல் எரிந்தாலும் 21 நாளுக்கு 40 யூனிட்; விட்டுவிட்டு எரிவதால் அதைவிடக் குறைவு. 12 வோல்ட் பேட்டரி இணைப்பு உள்ள மாடலையே கேட்டு வாங்குங்கள். ஹீட்டர் எரியும்போது ஏழு ஆம்பியர் வரை இழுக்கும். பைக் பேட்டரி தாங்காது, பழைய கார் பேட்டரியாவது வேண்டும். கோடையில் வேறொரு தொல்லை: அறை 36, 37 டிகிரியைத் தொட்டால் இந்த மெஷினுக்குக் குளிர்விக்க வழி தெரியாது. ஓட்டு வீட்டின் தரைத்தள அறையில் வையுங்கள், மொட்டை மாடி அறை ஆகாது.

ஒவ்வொரு முறை பொரித்ததும் அடித்தட்டைச் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஹீட்டரும் விசிறியும் மூடியில்தான் இருக்கின்றன, அதன் மேல் தண்ணீர் படக்கூடாது. விசிறிக்குப் பின்னால் சேரும் பஞ்சை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும்.