தோரன்ஸ் டிடி 160-க்கு மாற்று டோன்ஆர்ம்: ரீகாவா, எஸ்எம்இ-யா, பழையதே போதுமா?

தோரன்ஸ் சுவிஸ் நிறுவனம் என்றுதான் பெயர். ஆனால் 1972-இல் வந்த அதன் டிடி 160 டர்ன்டேபிள் (இசைத்தட்டுகளை ஓட்டும் கருவி) உருவானது ஜெர்மனியின் லார் நகரில். ஐம்பது ஆண்டு கழித்தும் அதன் 3.2 கிலோ சுழல்தட்டு, பேரிங், 16 துருவ மோட்டார் மூன்றும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே கிடைக்கின்றன. பெல்ட்டை மாற்றி, பேரிங்கில் புது எண்ணெய் விட்டால் ஓடத் தொடங்கிவிடும். வயதைக் காட்டுவது அதோடு வந்த டிபி16 டோன்ஆர்ம்தான், அதாவது ஊசியை ஏந்தித் தட்டின் மேல் நகரும் கை. ஆர்மை ஏற்றி இறக்கும் லிஃப்ட் தடதடவென்று இறங்கும், ஊசிப் பகுதியைப் பிடிக்கும் முன்முனையான ஹெட்ஷெல்லின் மின்தொடர்புகள் கறுத்து ஒரு பக்கச் சத்தம் விட்டுவிட்டு வரும், சிலவற்றில் பேரிங்கே ஆட்டம் கண்டிருக்கும். அப்போதுதான் "வேறு ஆர்ம் போட்டுவிடலாமா?" என்ற யோசனை எழுகிறது.

போடலாம், அதில் பாவம் ஒன்றுமில்லை. தோரன்ஸே டிடி 160 சூப்பர் மாடலை ஆர்ம் இல்லாமல் விற்றது. வாங்குபவர் தனக்குப் பிடித்ததைப் பொருத்திக்கொள்ளட்டும் என்றுதான். எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு உறுப்பு) என்று முடிவு செய்யாமல் ஆர்ம் வாங்காதீர்கள். கார்ட்ரிட்ஜ் முடிவாகிவிட்டால் பாதிப் போட்டியாளர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள்.

முதலில் ஒரு கணக்கு

ஊசியைத் தாங்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. அது எவ்வளவு இளகிக் கொடுக்கும் என்பதே கம்ப்ளையன்ஸ். அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் பாரம், ஆர்மின் செயல்நிறையும் கார்ட்ரிட்ஜ் எடையும் சேர்ந்தது. செயல்நிறை என்பது தராசில் வைத்தால் வரும் எடை அல்ல, ஊசி முனையில் உணரப்படும் நிறை. பாரமும் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் அதற்கென்று ஓர் அதிர்வெண் உண்டாகும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும்.

ஏன் அந்த இடம்? மேலே போனால், 20 ஹெர்ட்ஸுக்கு அருகே தொடங்கும் பாட்டின் பேஸைத் தொட்டுவிடும். கீழே போனால் இரண்டு எதிரிகள். ஒன்று, வளைந்த இசைத்தட்டு. 33⅓ வேகத்தில் தட்டு நொடிக்கு 0.55 முறை சுற்றுகிறது. வளைவுகளின் ஆட்டம் அதிலிருந்து ஐந்தாறு ஹெர்ட்ஸ் வரை பரவும். நம் ஊர் வெயிலில் அலமாரியில் சாய்ந்தே கிடந்த எண்பதுகளின் எக்கோ நிறுவன எல்பி இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டாவது எதிரி டிடி 160-க்குள்ளேயே இருக்கிறது. சுழல்தட்டும் ஆர்மும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் சப்-சேஸிஸ் என்ற உள்சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கிறது. இப்படி மிதக்கும் டர்ன்டேபிள்களின் ஆட்டம் பொதுவாக 3 முதல் 5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஆர்மின் அதிர்வெண் அந்தப் பக்கம் இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும். நடக்கும்போது தரை லேசாக அதிர்ந்தாலே ஊசி குதிக்கும்.

வாய்ப்பாடு எளிது. ஆர்மின் செயல்நிறை, கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் 159-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் வந்துவிடும். கீழே வரும் எண்கள் எல்லாம் இப்படிப் போட்டவைதான்.

டிபி16: தூக்கி எறியும் முன்

டிபி16-இல் ஒரே பெயரில் வேறுவேறு ஆர்ம்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் டிடி 160-இல் வந்ததன் செயல்நிறை 16.5 கிராம், அதில் முன்னால் உள்ள ஹெட்ஷெல் மட்டும் கழலும். அடுத்த பதிப்பான டிடி 160 மார்க் 2-இல் வந்தது 7.5 கிராம்தான், அதில் குழாயே பின்னால் பிவட்டுக்கு, அதாவது ஆர்ம் திரும்பும் அச்சுக்கு, பக்கத்திலிருந்து கழலும். பாதிக்கும் குறைவான நிறை! "டிபி16 நல்லதா?" என்று யாராவது கேட்டால் "எந்த டிபி16?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்று அதிகம் புழங்கும் ஆர்டோஃபோன் 2எம் ரெட்டை எடுத்துக்கொள்வோம்: 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. பழைய கனமான டிபி16-இல் இது 7 ஹெர்ட்ஸைச் சற்றே தாண்டுகிறது. தட்டையான ரெக்கார்டில் சமாளிக்கும், வளைந்ததில் தடுமாறும். மார்க் 2-இல் சரியாக 9. அப்படியென்றால் மார்க் 2 வைத்திருப்பவர், பேரிங் ஆடவில்லை என்றால், ஆர்மை மாற்றுவதைவிட அந்தக் காசில் நல்ல ஊசி வாங்கலாம்.

இப்போது டெனான் டிஎல்-103-ஐப் பாருங்கள். 8.5 கிராம், விறைப்பான ஊசி. டெனான் தரும் கம்ப்ளையன்ஸ் எண் 5, ஆனால் அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. நம் கணக்குக்கு ஏறத்தாழ இரட்டிப்பாக்கி 10 என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கும் இதே கதை. இதைக் கவனிக்காமல் 5-ஐ அப்படியே போட்டுக் கணக்குப் பார்த்து, பொருந்தாது என்று ஒதுக்கியவர்கள் ஏராளம். 10 என்று போட்டால், கனமான பழைய டிபி16-இல் டெனான் கிட்டத்தட்ட 10 ஹெர்ட்ஸ். இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. "கனம் அதிகம்" என்று எல்லாரும் கழற்றிப் போடும் ஆர்ம், டெனானுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைகிறது.

டிபி16-இன் உண்மையான குறை வேறு. அதன் ஹெட்ஷெல் இணைப்பு தோரன்ஸுக்கே உரியது. கடையில் கிடைக்கும் பொதுவான பயோனெட் (செருகித் திருகிப் பூட்டும்) ஹெட்ஷெல் இதில் ஏறாது. இரண்டு மூன்று கார்ட்ரிட்ஜை மாற்றி மாற்றிப் போட ஆசைப்படுபவருக்கு உதிரி ஹெட்ஷெல் தேடுவதே தனி வேலையாகிவிடும்.

ரீகா: பெரும்பாலானோருக்கு இதுதான்

1983-இல் ரீகா ஆர்பி300 வந்தபோது அதன் சிறப்பு ஒன்றே ஒன்று: ஹெட்ஷெல்லிலிருந்து பிவட் வரை குழாய் முழுவதும் ஒரே வார்ப்பு அலுமினியம். இணைப்பு இல்லை, ஆட்டமும் இல்லை. அதன் தம்பி ஆர்பி250-க்கும் அதே குழாய். ஆர்பி300-இல் ஊசி அழுத்தத்தை ஸ்பிரிங் டயலைத் திருகி வைக்கலாம். ஆர்பி250-இல் ஆர்மின் பின்முனையில் உள்ள பின்எடையை நகர்த்தித்தான் வைக்க வேண்டும், அதனால் ஊசி அழுத்தம் பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வேண்டும். மற்றபடி ஆர்பி250 பழைய சந்தையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

செயல்நிறை சுமார் 11 கிராம். 2எம் ரெட்டுடன் 8.2 ஹெர்ட்ஸ், டெனானுடன் 11. இரண்டு பக்கமும் எல்லைக்குள் நிற்கிறது, எந்தப் பக்கமும் நடுவில் இல்லை. இன்று விற்கும் நடுத்தரக் கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை இதில் ஒழுங்காக ஓடும் என்பதே ரீகாவின் பலம்.

பலவீனம் பொருத்துவதில். பிவட்டுக்கும் சுழல்தட்டின் நடு முளைக்கும் இடையே 222 மிமீ இருக்க வேண்டும். ஹெட்ஷெல்லில் நீளத்துளை இருப்பதால் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கார்ட்ரிட்ஜை நகர்த்திச் சரிக்கட்டலாம். மூன்று மிமீ பிசகினால் ஆர்ம் போர்டை (ஆர்ம் பொருந்தும் பலகையை) மறுபடி வெட்ட வேண்டியதுதான். பழைய ரீகாக்கள் ஒரே வட்டத் துளையில் இறங்கி, கீழே ஒரு பெரிய நட்டால் பிடித்துக்கொள்ளும். புதியவற்றுக்கு மூன்று திருகுகள். இரண்டின் துளை வரைபடமும் வேறு; எது உங்கள் கையில் இருக்கிறதோ அதற்குத்தான் போர்டு வெட்டச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று உயரம். ரீகாவில் ஆர்மை ஏற்றி இறக்க வசதியே கிடையாது. அடியில் 2 மிமீ வளையம் வைத்து உயர்த்தலாம், தாழ்த்த முடியாது. 2எம் கார்ட்ரிட்ஜின் உடல் உயரமானது என்பதால் ரீகாவின் சொந்த டர்ன்டேபிளிலேயே அந்த வளையம் தேவைப்படுவதுண்டு. எனவே ஆர்ம் போர்டு கொஞ்சம் மெல்லியதாகவே இருக்கட்டும். தேக்கில் தடிமனாக அழகாக இழைத்துத் தருகிறேன் என்று தச்சர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எஸ்எம்இ 3009: அழகுக்கு ஈடில்லை, ஆனால்...

1946-இல் தொடங்கிய எஸ்எம்இ, இங்கிலாந்தின் சசெக்ஸில் ஸ்டெய்னிங் என்ற சிறு ஊரில் இயங்கும் நிறுவனம். பெயரின் விரிவு ஸ்கேல் மாடல் எக்விப்மென்ட். பொம்மை மாடல்களுக்கு உறுப்புகள் செய்தவர்கள். 1959 முதல் ஆர்ம் செய்தார்கள். நகைக்கடைத் தராசின் கோல் கத்திமுனையில் நிற்குமே, அப்படி 3009-இன் ஆர்ம் மேலும் கீழும் அசைவது கத்திமுனை பேரிங்கில். டிடி 160-இல் இதை வைத்துப் பார்த்தால் வேறு எந்த ஆர்மும் கண்ணுக்குப் பிடிக்காது. இது என் பலவீனமாகவும் இருக்கலாம்.

பொருத்துவதிலும் எஸ்எம்இ கருணை காட்டுகிறது. அடித்தளமே முன்னும் பின்னும் சறுக்கும். போர்டில் நீள்வட்டத் துளை வெட்டிவிட்டால், கொஞ்சம் பிசகியிருந்தாலும் தளத்தை நகர்த்திச் சரிசெய்யலாம். உயரமும் தூணைத் தளர்த்தி வைத்துக்கொள்ளலாம். ரீகாவில் தச்சர் சரியாக இருக்க வேண்டும். எஸ்எம்இ-யில் நீங்கள் பொறுமையாக இருந்தால் போதும்.

ஆனால் சீரிஸ் 2 இம்ப்ரூவ்டு ஆர்மின் செயல்நிறை, ஹெட்ஷெல் கழலாத வகையில் வெறும் 6.5 கிராம், கழலும் வகையில் 9.5. எழுபதுகளின் ஷூர் வி15 போன்ற மிக இளகிய ஊசிகளுக்காகக் குறைத்த நிறை இது. அந்த வகை ஊசிகள் இன்று அரிது. ஷூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. 6.5 கிராம் ஆர்மில் டெனானைப் போட்டால் 12.6 ஹெர்ட்ஸ், எல்லையைத் தாண்டுகிறது. அதைவிட, விறைப்பான ஊசி திருப்பித் தரும் அதிர்வை அவ்வளவு மெல்லிய குழாய் தாங்காது. 2எம் ரெட்டோடு 9.3, தாராளமாக ஓடும். ஆக, எஸ்எம்இ வாங்குபவர் இளகிய ஊசி கொண்ட கார்ட்ரிட்ஜ்களோடு குடும்பம் நடத்தச் சம்மதிக்க வேண்டும்.

பழையதாக வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். பின்எடையைத் தாங்கும் ரப்பர் தளர்ந்து பின்பக்கம் தொங்குகிறதா? பிற்கால ஆர்ம்களின் நைலான் கத்திமுனை விரிசல் விட்டிருக்கிறதா? இரண்டுக்கும் மாற்று உதிரி உண்டு, ஆனால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் எஸ்எம்இ தனி ஆர்ம் விற்பனையையே நிறுத்தியது. அதன்பிறகு பழைய ஆர்ம் விற்பவர்களின் குரலே மாறிவிட்டது.

ஜெல்கோ

சுருக்கமாகச் சொல்லலாம். ரீகாவைவிடக் கனம், பொதுவான பயோனெட் ஹெட்ஷெல், ஹெட்ஷெல்லை மாற்றியே நிறையைக் கூட்டிக் குறைக்கும் வசதி; டெனான் வகையறாவுக்கு நல்ல துணை. பல நிறுவனங்களின் பெயரில் வந்த ஆர்ம்களை உண்மையில் செய்தது இந்த ஜப்பானியப் பட்டறைதான். 2020-இல் மூடிவிட்டார்கள். கையிருப்பு எங்காவது கிடைத்தால் வாங்கலாம். தேடி அலைய வேண்டாம். நல்ல நிலையில் உள்ள கனமான டிபி16 அதே வேலையைச் செய்யும்.

எதைப் போட்டாலும் டிடி 160 கேட்பவை

ஆர்ம் போர்டு சப்-சேஸிஸின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. புது ஆர்மின் எடை கூடினாலும் குறைந்தாலும் அந்த மூலை சாயும். அடிப்பலகையைக் கழற்றி, மூன்று ஸ்பிரிங் நட்டுகளையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். நடு முளைக்குப் பக்கத்தில் விரலால் லேசாக அழுத்தி விட்டால், தட்டு நேராக மேலும் கீழும் ஆட வேண்டும்; பக்கவாட்டில் உதறினால் இன்னும் முடியவில்லை. புது போர்டைச் சுற்றி மேல்தகட்டோடு எங்கும் உரசாத இடைவெளி இருக்கிறதா என்று ஒரு தாளை ஓட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் உரசினால்கூட ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோல்தான்.

ரீகாவின் கேபிள் ஆர்மிலிருந்து நேராக வெளியே வருகிறது, கொஞ்சம் விறைப்பானதும்கூட. அதை அப்படியே பின்னால் இழுத்துக் கட்டினால், கேபிளே நான்காவது ஸ்பிரிங் ஆகிவிடும். தோரன்ஸ் முதலில் எப்படிச் செய்திருந்தது என்று பாருங்கள்: ஆர்மிலிருந்து மெல்லிய கம்பிகள் உள்ளே ஓர் இணைப்புப் பட்டைக்கு வந்து, கனமான கேபிள் அங்கிருந்துதான் தொடங்கும். சால்டரிங் தெரிந்தவர் அதே வழியைப் பின்பற்றலாம். தெரியாதவர் உள்ளே தளர்வாக ஒரு வளையம் விட்டு, அதன்பின் பெட்டியோடு கட்டலாம்.

அப்புறம் எர்த். பழைய ரீகாக்களில் ஆர்மின் எர்த் இடது சேனலின் உறைக்கம்பியோடு சேர்ந்தே வருகிறது. தனி எர்த் கம்பி இல்லை. அதனால் தோரன்ஸின் உலோக உடலுக்கு ஒரு தனிக் கம்பி போட்டு ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனையில் இணைக்க வேண்டும். ஆர்ம் மாற்றியபின் "ஹம்" வருகிறது என்று புலம்புபவர்கள் கார்ட்ரிட்ஜைச் சந்தேகிப்பதற்கு முன் இதைப் பார்க்கட்டும்.

கடைசியாக, துளை வெட்டுவதற்கு முன் ஆர்மை போர்டின் மேல் வெறுமனே வைத்து, பின்எடை கடைசி நிலையில் இருக்கும்போது மூடியை மூடிப் பாருங்கள். பழைய போர்டில் மட்டும் துளை போடாதீர்கள். அது டிபி16-ஓடு சேர்ந்து பெட்டியில் இருக்கட்டும். விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.